சம்பாய்

"பொறந்த வீட்டுக் கோடி எங்கம்மா?" என்று பண்டாரம் மூன்றாம் முறையாகக் கேட்டதும் தினேஸ்வரி கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை ணங்கென்று தரையில் வைத்தாள். முதல் இரண்டு முறையும் "வந்துரும் சாமி" என்று சொல்லி ஒப்பேற்றியிருந்தாள். இப்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அம்மா மங்களத்துக்கு நேற்று மாலை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. காலையில் ஈப்போ வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, கூடத்தில் கிடத்தியாயிற்று. வாசலில் கூடாரம் நின்றது. வாடகை நாற்காலிகள் வந்துவிட்டன, அவற்றில் உட்கார வேண்டியவர்களும் வந்துவிட்டார்கள், அவர்கள் குடிக்க மைலோவும் வந்துவிட்டது. மாமா பத்துமலை மட்டும் வரவில்லை. அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். அவர் கொண்டுவந்து போர்த்துகிற சேலைதான் பிறந்த வீட்டுக் கோடி. அது மேலே விழாமல் ஒரு பெண்ணை வீட்டிலிருந்து தூக்குவதில்லை. வழக்கம் கிடக்கட்டும், மங்களமே மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "அண்ணன் சேலை வராம என்னைத் தூக்கிறாதீங்க." அதற்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்டதெல்லாம் தண்ணீர்தான்.

தினேஸ்வரி வெளியே வந்தாள். கனகராஜ் கூடாரத்தின் கீழே சவ வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மாமாக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுலா. ராத்திரியே குரூப்ல போட்டாச்சு. படத்தோட."

"அவரு பாத்தாரா?"

"குரூப்ல அவர் நம்பர் இருக்குல்ல? எல்லாருக்கும் போனா அவருக்கும் போயிருக்கும்."

அவள் தன் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். அம்மாவின் பழைய புகைப்படம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேலே பறக்கிற வெள்ளைப் புறா. இந்து வீட்டுச் சாவுக்கு எதற்கு மெழுகுவர்த்தி என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பார்த்தவர்கள் பட்டியலில் தைப்பிங் சித்தப்பா இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் கார்த்திகேசு இருந்தான். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சோறு பரிமாறிய கேட்டரிங்காரர்கூட இருந்தார், அவரை யார் குரூப்பில் சேர்த்தார்கள் என்றே தெரியவில்லை. மாமாவின் பெயர் மட்டும் இல்லை.

"அண்ணே, அவருக்கு ஏது டேட்டா? அவர் வீட்ல வாட்ஸ்அப் வேலை செய்யாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப நீ கூப்புட வேண்டியதுதானே."

"காது கேக்காதவருக்குப் போன் பண்ணி என்னா பண்ணச் சொல்ற?"

கனகராஜ் வண்டிக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு தனக்குப் பாதகமாகப் போனால் அவனுக்கு எப்போதும் அந்தப் பக்கம் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

மாமா கோப்பெங்கைத் தாண்டி உள்ளே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தார். ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. தொழிலாளர் லயத்தில் மிச்சமிருந்த நான்கைந்து வீடுகளில் ஒன்றில் ஆடுகளோடு தனியாகக் கிடந்தார். ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. போன் அடித்தால் கேட்காது, கேட்டு எடுத்தாலும் எதிர்முனையில் பேசுவது புரியாது. அதனால் அண்ணனும் தங்கையும் பொத்தான் போன் காலத்திலிருந்தே எஸ்எம்எஸ்ஸில்தான் பேசிக்கொண்டார்கள். அந்தப் போனில் தமிழ் எழுத்து கிடையாது. ஒவ்வொரு மெசேஜுக்கும் காசு பிடிப்பான். ஆகவே இரண்டு பேரும் சிக்கனமான மலாயில் ஒற்றைச் சொல்லாக அனுப்பிப் பழகிவிட்டார்கள். மாமா ஈப்போ வந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், வீடு சேர்ந்ததும் "சம்பாய்" என்று ஒரு மெசேஜ் வரும். வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். அது வருகிற வரைக்கும் அம்மா சோற்றில் கை வைக்கமாட்டாள். வந்ததும் "ம்" என்று பதில் போட்டுவிட்டு உட்காருவாள். "வாட்ஸ்அப்ல போட்டா எங்க வர்றாருன்னே பாக்கலாம்மா, கடைசியா எப்ப பாத்தாருன்னும் தெரியும்" என்று தினேஸ்வரி எத்தனையோ முறை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். "அண்ணன் சேந்தாரான்னுதான் எனக்குத் தெரியணும், எங்க நிக்கிறாருன்னு தெரிஞ்சு நான் என்னா போலீசா?" என்பாள் அம்மா.

சரி, எஸ்எம்எஸ்தானே, அனுப்பிவிடலாம். தினேஸ்வரி குளியலறைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தட்டினாள். மாமா, அம்மா தவறிட்டாங்க, மூணு மணிக்கு எடுக்குறாங்க, கோடியோட வாங்க. மெசேஜ் போய் உட்கார்ந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு சரி அடையாளமும் விழுந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. உள்ளே போய்ப் பண்டாரத்திடம் "வந்துட்டு இருக்காரு சாமி" என்றாள்.

ஆனால் மாமா வந்துகொண்டிருக்கவில்லை. உச்சிவேளையும் ஆகிவிட்டது, ஒரு பதிலும் இல்லை. பக்கத்து வீட்டு இருளாயி அக்கா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த தெருவுக்கும் கேட்கிற ரகசியக் குரலில் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அண்ணன்காரனுக்கே சொல்லலியாம்டி. இவங்கல்லாம் படிச்ச புள்ளைங்க." தினேஸ்வரிக்கு அப்படியே அவளை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைக்க வேண்டும்போல இருந்தது. துக்க வீட்டில் அதெல்லாம் செய்ய முடியாது. மைலோ வேண்டுமா என்று கேட்டாள். அக்கா வேண்டும் என்றாள், சீனி கொஞ்சம் குறைச்சலாக.

கனகராஜ் அடுப்படிக்கு வந்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் பாப்பேன். அப்புறம் நானே கடையில ஒரு சேலை எடுத்துட்டு வந்துர்றேன். பண்டாரம் ஓக்கேன்னுட்டாரு."

"பண்டாரம் ஓக்கேன்னா போதுமா? அம்மா ஓக்கேன்னாங்களா?"

"மின்சுடலையில நேரம் குடுத்திருக்கான் தினேசு. விட்டா நாளைக்குத்தான். மாமா நம்மள மதிக்கிறாருன்னு நெனைக்கிறியா? தீபாவளிக்கு அப்புறம் நான் போட்ட எந்த மெசேஜுக்காச்சும் பதில் உண்டா? நீ வீடு குடிபோனப்ப வந்தாரா?"

அது உண்மைதான். தைப்பூசத்துக்கு முன்னால் அவள் புது வீடு குடிபோனபோது மாமாவுக்கு முறையாக மெசேஜ் அனுப்பி அழைத்திருந்தாள். அவர் வரவுமில்லை, ஒரு வார்த்தை பதில் போடவுமில்லை. அவளுக்கு அதில் ஆறாத கோபம். அம்மாவிடம்கூடச் சண்டை போட்டாள். "ஒனக்கு மட்டும் பதில் போடுறாரு, எங்களுக்குப் போட்டா கை தேஞ்சுருமா?" அம்மா சுண்டியிருந்த குழம்பை இறக்கி வைத்தாள்.

"மெசேஜ் போகவே இல்ல தினேஸ்வரி," என்றாள் பிரமிளா.

பிரமிளா, கனகராஜின் மனைவி. தினேஸ்வரிக்கும் அவளுக்கும் பெரிதாக ஒத்துப்போகாது. வாங்குகிற வெங்காயத்திலிருந்து எல்லாவற்றிலும் ஒரு திருத்தம் சொல்லுவாள். இப்போதும் தினேஸ்வரி அடுப்பு மேடையில் வைத்திருந்த போனைக் கேட்காமலே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருக்கு அண்ணி. அடையாளம் விழுந்திருக்குல்ல?"

"ஒரு அடையாளம்தான் விழுந்திருக்கு. ஒன் போன்லேருந்து போயிருச்சு, அங்க போய்ச் சேரல. இது எஸ்எம்எஸ்ஸா போகல, இண்டர்நெட்ல போயிருக்கு. இப்ப வர்ற போனெல்லாம் அப்படித்தான், நம்மளக் கேக்காம அதுவா இண்டர்நெட்ல அனுப்பிரும். மாமா போன்ல அது தொறந்து இருக்கணும், அப்பத்தான் இப்படிப் போகும். யாரு தொறந்து வச்சது?"

தினேஸ்வரி கனகராஜைத் திரும்பிப் பார்த்தாள். தீபாவளிக்கு மாமா வந்தபோது அவருடைய பொத்தான் போன் செத்துப்போயிருந்தது. கனகராஜ்தான் தன்னுடைய பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்தான். இதே வீட்டில், இதே வைஃபையில், அந்தப் போன் கேட்ட கேள்விக்கெல்லாம் படித்துப் பார்க்காமல் "சரி, சரி, சரி" என்று அமுக்கிக்கொண்டே போனான். வாட்ஸ்அப் போட்டான், குரூப்பில் சேர்த்தான், இனி மாமா நம்மகூடவே இருப்பாரு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து அவருக்குப் போன மெசேஜ் எல்லாம் இண்டர்நெட்டில் ஏறி, இண்டர்நெட் இல்லாத தோட்டத்துக்கு வெளியிலேயே காத்துக் கிடந்திருக்கிறது. அம்மாவின் போன் மட்டும் அரதப்பழசு, அதற்கு எஸ்எம்எஸ்ஸைத் தவிர வேறு வழி தெரியாது.

"அப்ப வீடு குடிபோனதுக்கு நான் சொன்னதும்…"

"அதுவும் போயிருக்காது," என்றாள் பிரமிளா. திருத்தம் சொல்லும்போது வழக்கமாக அவள் முகத்தில் இருக்கும் தெளிவு இப்போது இல்லை.

கனகராஜ் சட்டென்று, காய்கறி வைக்கும் ஐஸ்பெட்டியின் மேல் கிடந்த அம்மாவின் போனை எடுத்து நீட்டினான். "சரி விடு. இதுல அனுப்பு. இதுல போனா நேரா போகும். நேரமில்ல."

தினேஸ்வரி கையை நீட்டிவிட்டு நிறுத்தினாள். மாமா அந்தப் போனை எங்கே வைத்திருப்பார், எப்படிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டுக் கொட்டகையில் சட்டைப் பையில் போன் துடிக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுப்பார். தங்கச்சி என்று பெயர் விழும். நாலு நாளாக மெசேஜ் இல்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவர், அப்பாடா என்று திறப்பார்.

"அந்தப் போன்லேருந்து அனுப்பமாட்டேன்."

"என்னா தினேசு, இப்பப் போய்…"

"அவங்களே அனுப்புறமாதிரி எப்படிண்ணே அனுப்புறது? அந்த மனுசன் அம்மா பேரப் பாத்துச் சந்தோசமா தொறப்பாரு. உள்ள என்னா இருக்கும்? நீ ஒருவாட்டி யோசிச்சுப் பாரு."

"அவருக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சா போதும்லா. எதுல தெரிஞ்சா என்னா?"

"போதாது," என்றாள் தினேஸ்வரி. "அண்ணி, என் போன்லேருந்தே பழைய மாதிரி அனுப்ப வழி இருக்கா இல்லையா?"

பிரமிளா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். ஏதேதோ அமுக்கினாள், ஏதேதோ திறந்து மூடினாள். வாசலில் வண்டிக்காரர் ஹாரனைத் தொட்டும் தொடாததுமாக ஒரு தட்டுத் தட்டினார். கனகராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஒரு மெசேஜுக்கு இவ்வளவு கூத்தா?" என்று யாரையென்றில்லாமல் கேட்டான். கடைசியில் பிரமிளா சொன்னாள்: "இந்தா, அனுப்புற பட்டனைத் தட்டாத. அமுக்கிப் புடிச்சுக்க. ரெண்டு வழி காட்டும். கீழ இருக்கிறதத் தொடு."

தினேஸ்வரி மறுபடி தட்டினாள். நான் தினேஸ்வரி என்று முதலில் எழுதினாள். பிறகு மற்றதையெல்லாம். பட்டனை அமுக்கிப் பிடித்துக் கீழே இருந்ததைத் தொட்டாள்.

போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "துங்கு."

காத்திரு என்று ஒரே சொல். அவ்வளவுதான். அவள் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை அங்கேயே, வெங்காயக் கூடைக்கு முன்னால் நின்று அழுதாள். பிரமிளா எதையும் திருத்தவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மூன்று மணிக்குப் பண்டாரம் எழுந்து நின்றார், தினேஸ்வரி உட்காரச் சொன்னாள். வண்டிக்காரர் தனக்கு அடுத்த வேலை சிம்பாங் பூலாயில் இருக்கிறது என்றார். "அங்க செத்தவங்க எங்கயும் போயிறமாட்டாங்க, இருங்க" என்றாள். கனகராஜ் மின்சுடலைக்காரனுக்குப் போன் போட்டு, போன் போட்டு, கடைசியில் "ஒங்க அம்மாவுக்கு இப்படின்னா என்னா செய்வ?" என்று கத்திவிட்டு வைத்தான். பிறகு தங்கையைப் பார்த்து, "அரை மணி குடுத்திருக்கான்" என்று முணுமுணுத்தான். மழை வேறு பிடித்துக்கொண்டது. கூடாரத்தில் தேங்கிய தண்ணீரைக் கழியால் குத்திக் குத்திக் கொட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அது சரியாக யாராவது ஒருவர் தலையில்தான் விழுந்தது.

மாமாவின் கப்சாய் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தத்தை முதலில் கேட்டவள் இருளாயி அக்கா. "அண்ணங்காரன் வந்துட்டான், வழிய விடுங்க" என்று எல்லோரையும் அதட்டி ஒதுக்கினாள், ஏதோ அவள்தான் போய்க் கூட்டி வந்தவள்போல.

அவர் மழைக்கோட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டாரே தவிர, கழற்றவில்லை. தலைக்கவசத்தை மட்டும் எடுத்து யார் கையிலோ கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். கோப்பெங் கடையில் எடுத்த சேலை, பிளாஸ்டிக் பை பிரிக்காமல் இருந்தது. கிளிப்பச்சை நிறம். மங்களம் இருந்திருந்தால், இதைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போக என்று கேட்டிருப்பாள். அவர் பையைக் கிழித்து, மடிப்பை உதறி, பண்டாரம் காட்டிய விதமாகத் தங்கையின் மேல் போர்த்தினார். ஓரங்களைக் கழுத்துவரை இழுத்துவிட்டார், குளிருகிறவளுக்கு இழுத்துவிடுவதுபோல.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் ஒலிக்கத் தொடங்கியது.

ஒரு டிங். அப்புறம் ஒன்று. அப்புறம் நிறுத்தாமல் வரிசையாக. தீபாவளியன்று போட்டுவிட்ட வைஃபையை அந்தப் போன் மறக்காமல் பிடித்துக்கொண்டது. வெளியே காத்துக் கிடந்ததெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து விழுந்தன. கேட்டரிங்காரர் அனுப்பிய காலை வணக்கங்கள், ரோஜாப் பூக்கள், பொங்கல் வாழ்த்து, தினேஸ்வரியின் வீடு குடிபோகும் அழைப்பு, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகக் கனகராஜ் போட்டது, மெழுகுவர்த்தியும் புறாவுமாக அம்மாவின் படம், ஆழ்ந்த இரங்கல் நாற்பது பேர், இன்று காலை அவள் அனுப்பியது. அழுகை நின்று, கூடத்தில் எல்லோரும் அந்தச் சட்டைப் பையையே பார்த்தார்கள். மாமாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தங்கையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். பை துடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு நிமிர்ந்து தினேஸ்வரியைப் பார்த்தார். காது கேட்காதவர்களின் பெரிய குரலில் கேட்டார்.

"ஏம்மா, ராத்திரியே ஏன் சொல்லல?"

அவள் அவர் காதருகில் போய்ச் சத்தமாகச் சொன்னாள். "அனுப்புனோம் மாமா. போகல."

"எப்படிப் போகாம இருக்கும்? ஒங்கம்மா அனுப்புனா போகுமே."

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டான். இண்டர்நெட்டைப் பற்றி இந்த இடத்தில் நின்று எப்படிக் கத்துவது என்று தினேஸ்வரிக்குத் தெரியவில்லை. "எங்க தப்புதான் மாமா" என்றாள். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பண்டாரம் மணியை அடித்தார், தூக்கிவிட்டார்கள்.

மின்சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். மாமா வெளிக்குழாயில் குளித்தார், விளக்கைக் கும்பிட்டார், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். ராத்திரி இங்கேயே தங்குங்கள் என்று கனகராஜ் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். ஆடு இருக்கிறது என்று அவரும் கையைக் காட்டிச் சொன்னார். சாவு வீட்டிலிருந்து போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார். தினேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். விளக்கு ஒழுங்காக எரியாத வண்டி. சாலையோ லாரிச் சாலை.

பிரமிளா எல்லோருக்கும் சோறு போட்டாள். தினேஸ்வரி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"சாப்புடு," என்றாள் பிரமிளா.

"பசிக்கல அண்ணி."

"காலையில பசியாறல, மத்தியானமும் இல்ல. பசிக்காம எப்படி இருக்கும்? யாருக்குக் காத்துக்கிட்டு இருக்க?"

"யாருக்கும் இல்ல, விடுங்களேன்," என்றாள் எரிச்சலாக. சோறு ஆறிக்கொண்டிருந்தது. எரிச்சல் யார் மேல் என்று அவளுக்கே புரியவில்லை. வெளியே ஏதாவது மோட்டார் சைக்கிள் போனால் மட்டும் தலை தானாகத் திரும்பியது.

கனகராஜ் எதிரில் உட்கார்ந்து, போன் மூடியை நெம்ப எடுத்து வைத்திருந்த ஒரு குண்டூசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "அம்மா லைனைக் கட் பண்ணிரலாம்னு பாக்குறேன். சிம்ம எடுத்துட்டா மாசாமாசம் டாப்அப் மிச்சம். யாரு இனி அதுல அனுப்பப் போறா?" என்று சொல்லிக்கொண்டே ஐஸ்பெட்டியின் மேல் கையை நீட்டினான்.

அவன் கை படுவதற்கு முன்னால் போன் ஒருமுறை துடித்தது. திரையில் வெளிச்சம் வந்தது. அண்ணன் என்று மேலே பெயர். கீழே ஒரே ஒரு சொல்.

சம்பாய்.

கனகராஜ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, குண்டூசியைச் சட்டைப் பையில் குத்தி வைத்தான். தினேஸ்வரி அம்மாவின் போனைத் தொடவில்லை. தன் போனை எடுத்து, மாமாவின் எண்ணைத் திறந்து, "ம்" என்று எழுதினாள். பட்டனை அமுக்கிப் பிடித்தாள். இரண்டு வழி காட்டியது. கீழே இருந்ததைத் தொட்டாள்.

அது போய்ச் சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். தட்டைப் பக்கத்தில் இழுத்து, ஆறிப்போன சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.